எடை சரி, வரிசை சரியா? கருவின் மரபணு வரைபடம் பற்றி

என் தங்கை மகள் முதல் பிள்ளைக்கு முழுகாமல் இருக்கிறாள். பதினெட்டாவது வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் ஆய்வக ரிப்போர்ட் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பினாள். கீழே ஒரு வரி: "பெரியம்மா, ஒரு டெஸ்ட் எல்லாம் சரின்னு சொல்லுது. இன்னொரு டெஸ்ட் ஏதோ மாறியிருக்குன்னு சொல்லுது. எதை நம்புறது?"

"ரெண்டையும்" என்று பதில் போட்டேன். போட்ட பிறகுதான், இதைப் படித்துவிட்டு அவள் எப்படித் தூங்குவாள் என்று உறைத்தது. மறுநாள் காலையில் சிங்கப்பூர் தேக்கா சந்தைக்கு வரச் சொன்னேன்.

நான் பல வருடம் குரோமோசோம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். கணினி வருவதற்கு முன்னால், நுண்ணோக்கியில் எடுத்த படத்தை அச்சிட்டு, குரோமோசோம்களைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டுவோம். யாராவது தும்மினால் போச்சு, இருப்பதிலேயே சின்னதான 21-ஆம் குரோமோசோம் மேசைக்கு அடியில் கிடக்கும். அந்தக் காலத்துக் கத்தரிக்கோலுக்கும் டிஎன்ஏ இழையில் ஒளிரும் புள்ளிகளை வைத்து வரைபடம் போடுவதாக இன்று பேசப்படும் ஆப்டிக்கல் ஜீனோம் மேப்பிங்குக்கும் இடையில் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் பழையது எதுவும் முழுசாகப் போய்விடவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. இது புரியாததால்தான் என் தங்கை பெண்ணுக்கு அன்று தூக்கம் கெட்டது.

முதலில் அவளுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாவது வாரம் ஆஸ்கர் ஸ்கேன். சிங்கப்பூரில் பிள்ளை பெற்றவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதுதான். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் தேங்கியிருக்கும் நீரின் தடிமனை அளப்பார்கள். தாயின் ரத்தத்தில் இரண்டு பொருள்களின் அளவைப் பார்ப்பார்கள். வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, டவுன் சிண்ட்ரோம் போன்றவை இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வார்கள். இவளுக்குக் கழுத்து நீர் 3.6 மில்லிமீட்டர். 3.5-ஐத் தாண்டினால் மருத்துவர்கள் பெரும்பாலும் வெறும் ரத்தப் பரிசோதனையோடு நிற்க மாட்டார்கள்.

வெறும் ரத்தப் பரிசோதனை என்று நான் சொல்வது என்ஐபிடியை. கருவின் பக்கத்திலிருந்து வரும் டிஎன்ஏ துணுக்குகள் தாயின் ரத்தத்தில் மிதக்கின்றன என்று 1997-இல் டென்னிஸ் லோவும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். அதிலிருந்து வந்ததுதான் இது. பத்தாவது வாரத்திலேயே செய்யலாம், ஊசி கையில்தான், வயிற்றில் இல்லை. ஆணா பெண்ணா என்பதும் சேர்ந்தே வந்துவிடுவதால், அதற்காகவே ஆசைப்பட்டு எடுப்பவர்களும் உண்டு. நல்ல பரிசோதனைதான். ஆனால் இது சல்லடை. அந்தத் துணுக்குகள் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை, குழந்தையிடமிருந்து நேராக வருபவை அல்ல. சல்லடையில் ஏதாவது மாட்டினால் அதை எடுத்து நேரடியாகப் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் தமிழ்க் குடும்பங்களில் அதிகம் குழப்பிய ஒரு சொல் 'பாசிட்டிவ்'. ஒருமுறை ஒரு மாமியார், "பாசிட்டிவ்னு வந்திருக்காம், முருகன் கைவிடல" என்று கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டோடு கிளம்பிவிட்டார். பரிசோதனை உலகத்தில் பாசிட்டிவ் என்றால் தேடியது இருப்பதாகத் தெரிகிறது என்று அர்த்தம். தேடியது என்னவென்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, என் பெண்ணுக்குப் பதினாறாவது வாரத்தில் பனிக்குட நீர் எடுத்தார்கள். ஸ்கேன் பார்த்தபடியே வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியை விட்டு, நான்கு தேக்கரண்டி அளவுக்கு நீர். அதில் குழந்தையின் செல்கள் மிதக்கும். இதனால் கரு கலைந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. தேர்ந்த கைகளில் அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைவிட நன்றாகவே குறைவு. அந்த நீரில் இரண்டு பரிசோதனைகள் செய்தார்கள். மைக்ரோஅரே, அதாவது குரோமோசோம்களில் எந்தத் துண்டாவது குறைகிறதா கூடுகிறதா என்று பார்ப்பது, நார்மல் என்றது. காரியோடைப், அதாவது நான் கத்தரிக்கோலால் செய்த வேலையின் இன்றைய வடிவம், 2-ஆம் குரோமோசோமிலும் 7-ஆம் குரோமோசோமிலும் துண்டுகள் இடம் மாறியிருக்கின்றன என்றது.

சனிக்கிழமை காலை பஃபலோ ரோட்டுப் பூக்கடை முன்னால் அவளை நிறுத்தினேன். "இதைப் பார்" என்றேன். மல்லிகைச் சரம். இடையிடையே ஆரஞ்சு நிறத்தில் கனகாம்பரம் வைத்துத் தொடுத்தது.

குரோமோசோம் என்பது ஒரு பூச்சரம் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவிடமிருந்து 23 சரம், அப்பாவிடமிருந்து 23 சரம், மொத்தம் 46. 48 என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். நம் பக்கத்து ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லேவனும் 1956-இல் சரியாக எண்ணி 46 என்றார்கள். ஒவ்வொரு சரத்திலும் பூக்களுக்குப் பதில் டிஎன்ஏ எழுத்துகள், நாலே நாலு வகை. ஒரு பக்கத்து 23 சரங்களில் மட்டும் சுமார் 3 பில்லியன் எழுத்துகள். ஒரே ஒரு செல்லுக்குள் இருப்பதையெல்லாம் நீட்டி முனையோடு முனை வைத்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரும்.

காரியோடைப் என்பது, சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு கடையில் தொங்கும் சரங்களைப் பார்ப்பது. எத்தனை சரம், எது நீளம், எது குட்டை, பெரிய துண்டு ஏதும் இடம் மாறியிருக்கிறதா என்று தெரியும். ஒரு சரம் கூடுதலாகத் தொங்கினால் உடனே தெரியும். 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதுதான் டவுன் சிண்ட்ரோம் என்று 1959-இலேயே கண்டுபிடித்தது இப்படித்தான். ஆனால் 5 முதல் 10 மில்லியன் எழுத்துகளுக்குக் குறைந்த மாற்றம் அந்தத் தூரத்திலிருந்து கண்ணுக்குப் படாது. 22-ஆம் குரோமோசோமில் சுமார் 3 மில்லியன் எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு சிலருக்கு விடுபட்டிருக்கும். இதயக் கோளாறு, அண்ணப் பிளவு, கற்றல் சிரமம் என்று பலவகையாக வெளிப்படும். நாங்கள் அட்டையில் ஒட்டிய காலத்தில் அதை எத்தனை முறை தாண்டிப் போயிருப்போமோ, நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கும்.

மைக்ரோஅரே ஒரு தராசு. சரத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு பகுதியும் இருக்க வேண்டிய அளவு இருக்கிறதா என்று எடை போடும். 50,000 அல்லது 100,000 எழுத்து அளவுக் குறைவையும் கூடுதலையும்கூடப் பிடித்துவிடும். 2012-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஸ்கேனில் குழந்தையின் உறுப்பமைப்பில் குறை தெரிந்து, காரியோடைப் மட்டும் நார்மலாக வந்தவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மைக்ரோஅரே முக்கியமான காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தது. ஸ்கேனில் குறை தெரிந்தால் முதலில் செய்ய வேண்டிய பரிசோதனை இதுதான் என்று ஆனது அதன் பிறகுதான்.

"இப்போ சொல்லு" என்றேன் அவளிடம். "இந்தச் சரத்திலிருந்து ஒரு சாண் வெட்டி அந்தச் சரத்தில் கட்டுறேன். அதிலிருந்து ஒரு சாண் வெட்டி இதில் கட்டுறேன். எடை போட்டா?"

"அதே எடைதான்."

"எதிர்ப்பக்கம் நின்னு பார்த்தா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "மாறியிருக்கிறது தெரியும்" என்றாள். கடைக்காரர், வெட்டப்போகிறேனோ என்ற கவலையில், "அக்கா, எத்தனை முழம்?" என்றார்.

இதற்குப் பெயர் சமநிலை இடமாற்றம். எதுவும் குறையவில்லை, எதுவும் கூடவில்லை, இடம் மட்டும் மாறியிருக்கிறது. சுமார் 500 பேரில் ஒருவர் இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டு, அது தெரியாமலேயே நன்றாக வாழ்கிறார். நம் எம்ஆர்டி ரயிலில் காலை நேரக் கூட்டத்தில் எப்படியும் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களுக்குச் சிக்கல் வருவது பிள்ளை பெறும்போதுதான். கருமுட்டைக்கோ விந்தணுவுக்கோ சரங்களைப் பங்கு பிரிக்கையில், ஒட்டுப்போட்ட இரண்டில் ஒன்று மட்டும் போய்ச் சேர்ந்தால், குழந்தைக்கு ஒரு துண்டு குறையும், இன்னொன்று கூடும். பல நேரம் அந்தக் கரு நிலைக்காது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. வெட்டிய இடம் எது? இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு பூவை ஒரு மரபணு என்று வைத்துக்கொள்ளுங்கள். பூவுக்கும் பூவுக்கும் நடுவே நூலில் வெட்டினால் ஒன்றும் ஆகாது. ஒரு பூவின் நடுவிலேயே கத்தரி பட்டிருந்தால்? அதாவது முக்கியமான மரபணு ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தால்? தராசுக்கு அது தெரியாது, தூரத்தில் நிற்பவருக்கும் தெரியாது. பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையில் புதிதாக இடமாற்றம் தோன்றியிருந்தால், பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு சுமார் நூற்றுக்கு ஆறு என்று 1991-இல் டோரதி வார்பர்ட்டன் கணக்கிட்டுச் சொன்னார். அந்த எண்ணை எத்தனையோ பெற்றோரிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். தொண்ணூற்று நான்கு பேருக்கு ஒன்றுமில்லை, ஆறு பேருக்கு உண்டு, நீங்கள் எந்தப் பக்கம் என்று சொல்ல எங்களிடம் வழியில்லை. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வது லேசான வேலை இல்லை.

இந்த இடத்தில்தான் ஆப்டிக்கல் ஜீனோம் மேப்பிங் வருகிறது. கருத்து புதிதல்ல. 1993-இல் டேவிட் ஸ்வார்ட்ஸ் குழுவினர் ஈஸ்ட்டின் குரோமோசோம்களில் இப்படிப்பட்ட வரைபடத்தைப் போட்டுக் காட்டினார்கள். இன்று மருத்துவ ஆய்வகங்களில் இதற்குப் பயன்படுவது பெரும்பாலும் அமெரிக்காவின் சான் டியேகோவைச் சேர்ந்த பயோநானோவின் கருவி.

கனகாம்பரத்தைக் கவனியுங்கள். சரம் முழுக்க ஒவ்வொரு மல்லிகையாகப் பார்க்காமல், இரண்டு கனகாம்பரத்துக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை மட்டும் அளந்துகொண்டே போனால் போதும். ஒவ்வொரு சரத்துக்கும் அந்த இடைவெளி வரிசை தனி. டிஎன்ஏவில் சி-டி-டி-ஏ-ஏ-ஜி என்ற ஆறெழுத்து எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் ஒரு நொதி பச்சையாக ஒளிரும் சாயத்தை ஒட்டிவிடுகிறது. சராசரியாக 100,000 எழுத்துக்குப் பதினைந்து புள்ளிகள். நூல் முழுக்க நீலச் சாயம். பிறகு அதை ஒரு சிலிக்கான் சில்லுக்குள் செலுத்துவார்கள். வாசலில் நுண்ணிய தூண்கள் வரிசையாக நிற்கும். சிக்கலாய்ச் சுருண்டு வரும் டிஎன்ஏ, சீப்பில் தலைமுடி பிரிவதுபோல அதில் பிரிந்து, அடுத்துள்ள மெல்லிய கால்வாய்களுக்குள் ஒற்றை இழையாக நீண்டுகொள்ளும். அதைப் படமெடுப்பார்கள். திரையில் நீலக் கோட்டின் மேல் பச்சைப் புள்ளிகள். முதல்முறை அதைப் பார்த்தபோது, வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு யாரோ பாதியில் எழுந்து போனதுபோல எனக்குத் தோன்றியது.

லட்சக்கணக்கான இழைகளின் புள்ளி வரிசையைக் கணினி ஒன்றோடொன்று பொருத்தி முழு வரைபடத்தைக் கட்டி, வழக்கமான வரைபடத்தோடு ஒப்பிடும். 2-ஆம் குரோமோசோமின் புள்ளி வரிசை சட்டென்று 7-ஆம் குரோமோசோமின் வரிசையாக மாறினால், அங்கேதான் ஒட்டு. ஒரு துண்டைத் திருப்பிப்போட்டுக் கட்டியிருந்தால் வரிசை தலைகீழாகத் தெரியும். தராசு "ஒரு துண்டு கூடுதல்" என்று மட்டும் சொன்னால், அந்தக் கூடுதல் துண்டு பக்கத்திலேயே கட்டியிருக்கிறதா, வேறொரு சரத்தின் நடுவில் செருகியிருக்கிறதா என்பதை இது காட்டிவிடும். 500 எழுத்து அளவு விடுபட்டாலும் செருகப்பட்டாலும்கூடப் பிடிக்கும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சரம் அறுபடாமல் நீளமாக இருக்க வேண்டும். விரல் நீளத் துண்டுகளைக் கொடுத்து எந்தச் சரத்தின் எந்த இடம் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? 150,000 எழுத்துக்கும் மேல் நீளமுள்ள இழைகளைத்தான் கருவி கணக்கில் எடுக்கும். அதனால் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும்போது குலுக்கக் கூடாது, வேகமாக உறிஞ்சி ஊற்றக் கூடாது. பனிக்குட நீரில் செல்கள் குறைவு என்பதால், பெரும்பாலும் அவற்றை முதலில் வளர்த்துப் பெருக்க வேண்டும். அதற்கே ஒன்றிரண்டு வாரம் ஓடிவிடும்.

அப்புறம், இது பார்க்காதவையும் உண்டு. ஒற்றை எழுத்துப் பிழை தெரியாது. நம் இந்தியக் குடும்பங்களில் வரும் பீட்டா தலசீமியா பெரும்பாலும் அப்படிப்பட்ட சின்னப் பிழையால் வருவது. அதற்கு எழுத்தெழுத்தாகப் படிக்கும் வரிசையாக்கம்தான் வேண்டும். 14-ஆம் குரோமோசோமும் 21-ஆம் குரோமோசோமும் இடுப்புபோல ஒடுங்கிய இடத்தில் ஒட்டிக்கொள்வதும் இதற்குச் சரியாகத் தெரியாது, ஏனென்றால் அந்த இடத்தில் ஒரே மாதிரி எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதால் புள்ளிகளை நம்ப முடியாது. டவுன் சிண்ட்ரோமில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்குக் காரணம் இந்த வகை ஒட்டுதான். அதைப் பார்க்க இன்னும் எங்கள் பழைய காரியோடைப்தான் வேண்டியிருக்கிறது. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

இதெல்லாம் கேட்டுவிட்டு அவள், "அப்போ எனக்கும் அந்தப் பச்சைப் புள்ளி டெஸ்ட் எடுக்கச் சொல்லவா?" என்றாள்.

"முதல்ல உன் ரத்தமும் மாப்பிள்ளை ரத்தமும் கொடுங்க" என்றேன். புதுக் கருவி வந்ததும் பலரும் மறந்துவிடும் படி இது. அதே இடமாற்றம் அம்மாவிடமோ அப்பாவிடமோ இருந்து, அவர் முப்பது வருடம் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தால், வெட்டிய இடம் பெரும்பாலும் நூலில்தான் பட்டிருக்கிறது என்று பொருள். அந்த நிம்மதிக்குக் கைநரம்பில் எடுக்கும் கொஞ்சம் ரத்தம் போதும். இருவரிடமும் இல்லை என்றால்தான் புள்ளி வரைபடம் உண்மையில் கைகொடுக்கும்.

நாள் கணக்கையும் மறக்கக் கூடாது. சிங்கப்பூர்ச் சட்டப்படி கர்ப்பத்தைக் கலைக்க 24 வாரம் வரைதான் அனுமதி. தாயின் உயிரைக் காப்பாற்றவோ, அவர் உடல், மன நலத்துக்குக் கடுமையான நிரந்தரப் பாதிப்பைத் தடுக்கவோ உடனே செய்தாக வேண்டிய நிலை மட்டும் விலக்கு. அதற்கு முன் ஆலோசனை பெற்றாக வேண்டும், ஆலோசனைக்கும் சம்மதக் கையெழுத்துக்கும் நடுவே 48 மணி நேரம் கழிய வேண்டும். எந்தப் பக்கம் முடிவெடுப்பது என்பது அந்தத் தம்பதியின் விஷயம். ஆனால் இருபதாவது வாரம் ஸ்கேனில் ஏதோ தெரிந்து, நீர் எடுத்து, செல் வளர்த்து, ரிப்போர்ட் வர எத்தனை நாள் என்பதை முதல் நாளே கேட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

நல்ல மரபணு ஆலோசகர் முடிவைச் சொல்ல மாட்டார். "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்று எல்லோரும் கேட்பார்கள், பதில் வராது. கோபம்கூட வரும். அவர் வேலை, தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து வைப்பது. தெரியாதது நிறைய உண்டு. கருவி கூர்மையாக ஆக, "மாற்றம் இருக்கிறது, அர்த்தம் தெரியவில்லை" என்ற ரிப்போர்ட்டும் கூடும். மரபணுத் தரவுகள் நெடுங்காலம் ஐரோப்பியர்களிடமிருந்தே அதிகம் வந்ததால், நமக்குச் சாதாரணமான ஒன்றுகூட விசித்திரமாகத் தெரியலாம். 2019-இல் சிங்கப்பூரில் 4,810 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். அதில் 1,127 பேர் இந்தியர்கள். நம்மவர் அதிலும் குறைவுதான், ஆனாலும் இருக்கிறோம் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. இடமாற்றம் மாப்பிள்ளையிடம் இருந்தது. அச்சு அசல் அதேதான். குழந்தையின் இதயத்தைப் பார்க்க எடுத்த ஸ்கேனும் நன்றாக இருந்தது. புள்ளி வரைபடம் தேவைப்படவில்லை. அடுத்த பிள்ளைக்கு முன்னால் மறுபடி வந்து பேச வேண்டும் என்றார் ஆலோசகர். மாப்பிள்ளைக்கு இது எந்த வழியாக வந்தது என்று தெரிந்தால் அவர் உடன்பிறந்தவர்களுக்கும் உதவும், வீட்டுப் பெரியவர்கள் யாராவது வர முடியுமா என்றும் கேட்டார்.

சம்பந்தியம்மா வந்தார். அவருக்குத் தமிழ்தான் வசதி என்பதால் நானும் போனேன். ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளில் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நடுவே கோடு. சம்பந்தியம்மாவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் நடுவே இரட்டைக் கோடு போட்டார். "எதுக்கு எங்களுக்கு மட்டும் ரெண்டு?" என்று கேட்டார் அவர். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு அப்படிப் போடுவது வழக்கம் என்றேன். அவர் கட்டியது அத்தை மகனை. அப்படிப்பட்ட ஜோடியின் பிள்ளைக்குச் சரங்களில் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு இரு பக்கமும் ஒரே மாதிரி அமையும், தாய்மாமனைக் கட்டினால் எட்டில் ஒரு பங்கு. இரு பக்கமும் ஒரே பிழை சேர்ந்துவிடும் நோய்களுக்கு அது முக்கியம். இடமாற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆலோசகர் சொன்னதை இரண்டு முறை மொழிபெயர்த்தேன். இரண்டாவது முறை சம்பந்தியம்மாவே கேட்டார்.

"மூத்தவனுக்கு முன்னாடி கலைஞ்சது ஏதாவது உண்டா?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டு" என்றார்.

ஆலோசகர் இரண்டு சின்ன முக்கோணம் வரைந்தார். சம்பந்தியம்மா அந்தத் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விரலால் பக்கத்திலிருந்த வெற்று இடத்தைத் தொட்டார்.

"இங்க இன்னொண்ணு போடச் சொல்லுங்க. அது யாருக்கும் தெரியாது."